லினக்ஸ் சேர்வரை பெஞ்ச்மார்க்குக்கு ஏற்ப இறுக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியிலோ கோண்டாவிலிலோ இருந்து இயங்கும் ஒரு சின்னக் கொம்பனிக்கு, லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் கிளையன்ட் ஒரு நாள் மின்னஞ்சல் போடுவார்: "உங்கள் சேர்வர்கள் சிஐஎஸ் படி இறுக்கப்பட்டவையா? ரிப்போர்ட் அனுப்புங்கள்." இறுக்குவது என்றால் தேவையில்லாத வழிகளை மூடி, அமைப்புகளைப் பாதுகாப்பாக மாற்றுவது. அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு எழும் சந்தேகங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களைச் சேர்த்திருக்கிறோம். உபுண்டு 22.04, 24.04, அல்மாலினக்ஸ் 9 ஆகிய லினக்ஸ் பதிப்புகளை மனதில் வைத்து எழுதியது இது.

சிஐஎஸ் எண்டால் என்ன? ஸ்டிக் எண்டும் ஒண்டு சொல்லுறாங்கள், ரெண்டும் ஒண்டோ?

ஒன்றல்ல. சிஐஎஸ், அதாவது சென்டர் ஃபோர் இன்டர்நெட் செக்யூரிட்டி, அமெரிக்காவில் உள்ள இலாப நோக்கற்ற அமைப்பு. ஒவ்வொரு இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் பெஞ்ச்மார்க் என்ற தனி ஆவணம் வெளியிடுகிறது. அதில் நூற்றுக்கணக்கான விதிகள் இருக்கும். ஒவ்வொரு விதியின் கீழும் அது ஏன் தேவை, எப்படிச் சோதிப்பது, எப்படித் திருத்துவது என்று எழுதியிருக்கும். வணிகமல்லாத பாவனைக்குப் பிடிஎஃப் இலவசம். கருவியை ஓடவிட முதல் அந்தப் பிடிஎஃப்பை ஒரு தடவையாவது புரட்டுங்கள்.

ஸ்டிக் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக அதன் தகவல் அமைப்பு முகவரகமான டிசா எழுதும் இறுக்கும் வழிகாட்டி. விதிகளைத் தீவிரப்படி கட் 1, கட் 2, கட் 3 என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கும். அமெரிக்க அரசாங்க வேலை இல்லையென்றால் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

லெவல் 1, லெவல் 2 எண்டு கிடக்கு. சின்னக் கொம்பனிக்கு எது?

லெவல் 1 சேவையைப் பெரிதாகக் குழப்பாமல் போடக்கூடிய அடிப்படை. லெவல் 2 வேலைக்கு இடைஞ்சல் தரலாம் என்று சிஐஎஸ்ஸே ஒதுக்கி வைத்த பகுதி. ஓடிட் விதிகள் (யார் என்ன செய்தார் என்று பதிவு செய்பவை), வட்டில் பல தனிப் பார்ட்டிஷன்கள், பாஸ்வேர்ட் கேட்காத சூடோவைத் (நிருவாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டுவதை) தடுப்பது எல்லாம் அங்கேதான் வரும். கிளையன்ட் வேறாகச் சொல்லாவிட்டால் லெவல் 1 சேர்வர் புரொஃபைலை (விதித் தெரிவை) எடுங்கள். வேர்க்ஸ்டேஷன் புரொஃபைல் மேசைக் கணினிகளுக்கானது.

அல்மாலினக்ஸ் அடங்கும் ரெட்ஹட் குடும்பத்தில் இதில் ஒரு பொறி உண்டு. 'சிஐஎஸ்' என்று மட்டும் பெயருள்ள புரொஃபைல் லெவல் 2 சேர்வருக்கானது. லெவல் 1 வேண்டுமென்றால் பெயரில் 'சேர்வர் எல்1' என்று இருப்பதைக் கொடுக்க வேண்டும். சுருக்கமான பெயர்தான் அடிப்படை என்று நினைத்து லெவல் 2 ஐ ஓடவிட்டவர்கள்தான் கீழே வரும் பாதிக் கேள்விகளைக் கேட்கிறார்கள்.

இலங்கைச் சட்டம் இதைக் கேக்குதோ?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருத்தமான தொழில்நுட்ப, நிருவாக ஏற்பாடுகளைக் கேட்கிறது. சிஐஎஸ் என்று பெயர் சொல்லிக் கேட்கவில்லை. பெரும்பாலும் கேட்பது வெளிநாட்டுக் கிளையன்ட்டின் ஒப்பந்தம்தான். அவர் ஐஎஸ்ஓ 27001 என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்தவராக இருந்தால், 2022 பதிப்பின் 8.9 ஆவது கட்டுப்பாடு கொன்ஃபிகரேஷன் பற்றியது. அதற்குச் சான்றாக உங்களிடம் இந்த ரிப்போர்ட்டைக் கேட்பார்.

நாலு சேர்வர் தானே, கையால செய்தால் காணாதோ? ஏன் ஓட்டோமேட் பண்ண வேணும்?

நாலு சேர்வரைக் கையால் இறுக்க முடியும். ஆறு மாதம் கழித்து அவை நாலும் அதே நிலையில் இருக்கின்றன என்று காட்டுவதுதான் கையால் ஏலாத வேலை. அவசரத்துக்கு ஒருவர் ஃபயர்வோலைத் திறப்பார். இன்னொருவர் ரூட் (முழு அதிகாரக் கணக்கு) லொகினைத் திறந்து மறந்துவிடுவார். ஐந்தாவது சேர்வரை எழுப்புபவர் பழைய குறிப்பைப் பார்த்துச் செய்வார்.

இன்னொரு விடயம்: விதியைப் போடுவது சின்ன வேலை. எதைப் போடுகிறோம், எதைப் போடாமல் விடுகிறோம், ஏன் விடுகிறோம் என்ற தீர்மானங்கள்தான் பெரிய வேலை. ஓட்டோமேட் செய்யும்போது அந்தத் தீர்மானங்கள் ஒரு ஃபைலில் எழுதப்பட்டு, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவிக்குள் போகின்றன. கையால் செய்தால் செய்தவரின் தலைக்குள் இருக்கும், அவர் கனடா போனால் கூடவே போய்விடும்.

ஓப்பன்ஸ்கேப், அன்சிபிள், லினிஸ் எண்டு கன பெயர். எதைப் பிடிக்கிறது?

அளப்பதற்கு ஒன்று, திருத்துவதற்கு ஒன்று வேண்டும். அளக்க ஓப்பன்ஸ்கேப். அதற்கான விதித் தொகுப்பை கொம்ப்ளயன்ஸ்-அஸ்-கோட் என்ற திறந்த மூலத் திட்டம் பராமரிக்கிறது. அல்மாலினக்ஸில் இரண்டும் டிஎன்எஃப் மூலம் பொதியாகவே வரும். உபுண்டுவில் இருக்கும் பொதி பழையதாக இருக்கக்கூடும், திட்டத்தின் கிட்ஹப் வெளியீட்டிலிருந்து விதித் தொகுப்பை இறக்குவது நல்லது. பதிப்பு சரியாகப் பொருந்த வேண்டும். உபுண்டு 20.04 க்கான தொகுப்பை 22.04 இல் ஓடவிட்டால் எல்லா விதியும் 'பொருந்தாது' என்று வரும். சிவப்பு ஒன்றுமில்லையே என்று சந்தோஷப்படுபவர்களும் இருக்கிறார்கள், அங்கே எதுவும் சோதிக்கப்படவே இல்லை.

உபுண்டுவுக்கு இன்னொரு வழி, உபுண்டு புரோ சந்தாவுடன் வரும் யூஎஸ்ஜி என்ற கருவி. 5 இயந்திரம் வரை புரோ இலவசம். திருத்துவதற்கு, பல சேர்வர்களில் ஒரே மாற்றத்தைத் தானாகச் செய்யும் அன்சிபிள், அதிலும் அன்சிபிள்-லொக்டவுன் என்ற திட்டத்தின் ரோல்கள் (தயாராக எழுதி வைத்த படித் தொகுப்புகள்). ஒவ்வொரு விதிக்கும் தனி மாறி இருப்பதால் ஒன்றை மட்டும் அணைப்பது சுலபம். லினிஸ் நல்ல கருவி, ஆனால் அது தரும் 'ஹார்டனிங் இன்டெக்ஸ்' அதன் சொந்தக் கணக்கு. சிஐஎஸ் புள்ளி என்று கிளையன்ட்டுக்கு அனுப்பாதீர்கள்.

முதல் நாள் எங்க தொடங்கிறது?

உற்பத்திச் சேர்வரில், அதாவது உண்மையில் பாவனையில் உள்ளதில், அல்ல. அதே இமேஜிலிருந்து (சேர்வரை எழுப்பும் மூலப் பிரதி) ஒரு சோதனை வீஎம் (மெய்நிகர் இயந்திரம்) எழுப்பி, ஸ்னாப்ஷொட் எடுத்துவிட்டு, ஸ்கானை மட்டும் ஓடவிடுங்கள். எதையும் திருத்த வேண்டாம். எச்டிஎம்எல் ரிப்போர்ட்டில் தவறியவற்றைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு முடிவு எழுதுங்கள்: இப்போதே போடுவது, இந்தச் சேர்வருக்குப் பொருந்தாததால் விடுவது, இமேஜைப் புதிதாகக் கட்டும்போது செய்வது. புதிய இமேஜ் ஒன்றில் தவறியவை நூறைத் தாண்டினாலும் பயப்படத் தேவையில்லை, பலவும் ஒரே வகை கேர்னல் அமைப்புகளும் ஃபைல் அனுமதிகளும்தான்.

விடும் விதிகளை, எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் டெய்லரிங் ஃபைலில் அணைத்துவிடுங்கள். யூஎஸ்ஜி அதன் தொடக்க வடிவத்தைத் தானே உருவாக்கித் தரும். ஓப்பன்ஸ்கேப்புக்கு ஓட்டோடெய்லர் என்ற கொமாண்ட் உண்டு. அன்சிபிள் பக்கத்திலும் அதே விதிகளின் மாறிகளை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று போடும், மற்றது கேட்காது. பிறகு அன்சிபிளை 'செக்', 'டிஃப்' ஒப்ஷன்களுடன் ஓட்டிப் பாருங்கள். ஷெல் மூலம் நடக்கும் படிகளை செக் நிலை தாண்டிவிடும், அதனால் அதன் விடையை எதிர்பார்க்கும் அடுத்த படி பிழை காட்டலாம். அந்தப் பிழை உண்மையான ஓட்டத்தில் வராது.

சோதனை வீஎம்மில் போட்ட பிறகு ரீபூட் செய்து மறுபடி ஸ்கான். ரீபூட்டுக்கு முதல் எடுத்த ஸ்கானை நம்பக்கூடாது, நினைவகத்தில் மட்டும் மாறிய அமைப்பு திரும்ப எழும்பும்போது பழையபடி வரும். அதன் பின் உற்பத்திச் சேர்வர்களில் பிளேபுக்கின் (அன்சிபிள் ஓட்டும் படிகள் எழுதிய ஃபைல்) 'சீரியல்' மதிப்பை 1 ஆக வைத்து ஒவ்வொன்றாக.

ரிமீடியேட் ஒப்ஷன் போட்டால் ஓப்பன்ஸ்கேப்பே எல்லாத்தையும் திருத்துமாம். பிறகு அன்சிபிள் எதுக்கு?

திருத்தும். ஆனால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி வைக்காது. என்ன மாறும் என்று முன்கூட்டிக் காட்டவும் மாட்டாது. வேண்டுமென்றால் ஓப்பன்ஸ்கேப்பிடமே திருத்தத்தை அன்சிபிள் பிளேபுக்காக எழுதித் தரச் சொல்லலாம். அதைக் கிட்டில் போட்டு, வாசித்து, வெட்டி, பிறகு ஓட்டுங்கள். எறிந்துவிடும் சோதனை வீஎம்முக்கு மட்டும் ரிமீடியேட் சரி.

ஓடவிட்டன் அண்ணை, இப்ப எஸ்எஸ்எச் வருகுதில்லை!

திறந்திருக்கும் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் போகும் வழி) அமர்வு ஏதும் இருந்தால் அதை மூடாதீர்கள். இல்லையென்றால் கிளவுட் கொன்சோல் வழியாக உள்ளே போக வேண்டும். பிளேபுக் ஓட்ட முதல் அந்தக் கொன்சோல் வேலை செய்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

காரணங்கள் சிலதான். ரூட் லொகினை மூடும் முதல் வேறு கணக்கு உருவாக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட குழு என்று ஒன்றைக் குறிப்பிட்டு உங்கள் பயனரை அதில் சேர்க்கவில்லை. ஃபயர்வோலின் இயல்பு 'டினை' (தடு) என்று மாறியது, எஸ்எஸ்எச் போர்ட் 22 அல்ல என்பதால் ரோல் திறந்துவிட்ட போர்ட் உதவவில்லை. பழைய புட்டி (விண்டோஸில் பாவிக்கும் எஸ்எஸ்எச் மென்பொருள்) வைத்திருப்பவருக்குப் புதிய சைஃபர் (மறையாக்க முறை) பட்டியலில் ஒத்துப்போக ஒன்றுமில்லை. 'அளவுக்கு மேல் முயற்சி' என்று பிழை வந்தால், கீகளை வைத்திருக்கும் உங்கள் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டில் பல கீ இருக்கிறது, சேர்வர் 4 முயற்சிக்கு மேல் விடுவதில்லை. உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் கொன்ஃபிக்கில் குறிப்பிட்ட கீயை மட்டும் கொடுக்கும்படி வைத்தால் தீரும். பாஸ்வேர்ட்டைப் பல தடவை பிழையாக அடித்துக் கணக்குப் பூட்டுப்பட்டிருந்தால் ஃபெய்ல்லொக் கொமாண்டால் அந்தப் பயனரை விடுவிக்கலாம்.

உள்ளே போக முடிகிறது, ஆனால் அன்சிபிளின் இரண்டாவது ஓட்டம் 'சூடோ பாஸ்வேர்ட் இல்லை' என்று நிற்கிறது என்றால், முன்பு சொன்ன லெவல் 2 விதிதான். பாஸ்வேர்ட் கேட்காத சூடோ வரிகளை அது அணைத்துவிட்டது. கிளவுட் இமேஜின் இயல்புப் பயனருக்கு பாஸ்வேர்ட்டே இல்லை, ஆகவே கேட்டாலும் கொடுக்க எதுவுமில்லை. அந்த விதியை விலக்குங்கள், அல்லது அன்சிபிளுக்கென்று பாஸ்வேர்ட் உள்ள தனிக் கணக்கு வைத்து அந்தப் பாஸ்வேர்ட்டை அன்சிபிள் வோல்ட்டில் மறைத்து வையுங்கள்.

டொங்கிள் இணைப்பில் இருந்து பிளேபுக் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. 15 விநாடிக்கு ஒரு தடவை, 3 தடவை பதில் இல்லையென்றால் சேர்வர் இணைப்பை வெட்டும்படி வைத்தால், சிக்னல் முக்கால் நிமிடம் போனாலே காணும். பிளேபுக்கை இடைச் சேர்வர் ஒன்றில், இணைப்பு அறுந்தாலும் ஓட்டத்தைத் தொடரவிடும் டீமக்ஸுக்குள் இருந்து ஓட்டுங்கள்.

பாஸ்வேர்ட் லொகின் 'நோ' எண்டு தான் கிடக்கு. எண்டாலும் பாஸ்வேர்ட் கேக்குது. ஏன்?

எஸ்எஸ்எச் சேர்வர் கொன்ஃபிக்கில் முதலில் வாசித்த மதிப்பே நிற்கும், பின்னால் வருவது கணக்கில் இல்லை. உபுண்டுவின் பிரதானக் கொன்ஃபிக் ஃபைலின் தலைப்பகுதியிலேயே துணை அடைவை உள்ளே இழுக்கும் வரி உண்டு. அந்த அடைவில் கிளவுட்-இனிட் (கிளவுட் சேர்வர் முதலில் எழும்போது அமைப்புகளைப் போடும் நிரல்) எழுதி வைத்த, 50 என்று தொடங்கும் ஃபைலில் 'யெஸ்' இருந்தால், பிரதான ஃபைலில் நீங்கள் எழுதிய 'நோ' வீண். உங்கள் அமைப்பை அதே அடைவில் 00 என்று தொடங்கும் ஃபைலில் போடுங்கள். எஸ்எஸ்எச்டி கொமாண்டைச் சிறிய டி ஒப்ஷனுடன் ஓட்டினால் எழுத்துப் பிழை தெரியும். பெரிய டி உடன் ஓட்டினால் உண்மையில் நடைமுறையில் உள்ள மதிப்புகள் தெரியும். ரீலோட் செய்ய முதல் முந்தியதையும், பிறகு பிந்தியதையும் பாருங்கள்.

சிஸ்கன்ட்ரோல் (கேர்னல் அமைப்பு) ஃபைல்களில் இது தலைகீழ். அங்கே கடைசியாக வாசித்த மதிப்பே வெல்லும், எனவே 99 என்று தொடங்கும் பெயர் வைக்க வேண்டும். உபுண்டுவின் ஃபயர்வோல் கருவியான யூஎஃப்டபிள்யூ தனக்கென்று ஒரு சிஸ்கன்ட்ரோல் ஃபைல் வைத்திருந்து, தான் தொடங்கும்போது அதைப் போட்டுவிடும். ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் தவறும் கேர்னல் விதி இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இறுக்கின பிறகு டொக்கர் கொண்டெய்னர் ஒண்டுக்கும் இன்டர்நெட் இல்லை.

காரணம், ஐபி ஃபோவர்டிங்கை (ஒரு வலையமைப்பில் வருவதை இன்னொன்றுக்குக் கடத்துவதை) 0 ஆக்கும் விதி. ரூட்டராக வேலை செய்யாத சேர்வருக்கு அது சரி, கொண்டெய்னர்களை ஓட்டும் டொக்கரும் குபர்நெட்டிஸும் உள்ள சேர்வர் ஒரு வகையில் ரூட்டர்தான். அந்த விதியைக் காரணத்துடன் விலக்குங்கள். சில வேளை இறுக்கிய உடனே பிரச்சினை தெரியாது, டொக்கர் சேவை திரும்பத் தொடங்கும்போது அதுவே 1 ஆக்கிவிடும், பிறகு சிஸ்கன்ட்ரோல் ரீலோட் ஆகும் நாளில் விழும்.

டொக்கரில் வெளியே திறந்த போர்ட்கள் யூஎஃப்டபிள்யூவின் தடையைத் தாண்டிவிடும் என்பதையும் கவனியுங்கள். ஸ்கான் ரிப்போர்ட் ஃபயர்வோலுக்குப் பச்சை காட்டும், உங்கள் டேட்டாபேஸ் போர்ட் உலகத்துக்குத் திறந்திருக்கும். வெளியே தேவையில்லாத போர்ட்டை 127.0.0.1 உடன் மட்டும் கட்டுங்கள்.

டெம்ப் அடைவில 'நோஎக்ஸெக்' போட்டாப் பிறகு சில இன்ஸ்டோலர் ஓடுதில்லை.

டெம்ப் அடைவிலிருந்து எந்த நிரலும் ஓடாமல் தடுப்பதுதான் அந்த விதியின் நோக்கமே. ஜாவா செயலிகளுக்கு வேறு தற்காலிக அடைவைச் சுட்டிக்காட்டலாம். இன்ஸ்டோலருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் டெம்ப்டிர் மாறியை மாற்றிக் கொடுங்கள். விதியை விலக்க வேண்டாம்.

ராத்திரி பக்கப் மூண்டு நாளா ஓடேல்லை. ஸ்கிரிப்டில ஒரு பிழையும் இல்லை!

பாஸ்வேர்ட்டின் ஆயுளைப் பாருங்கள். அதிகபட்சம் 365 நாள் என்ற விதியை ரோல் ஏற்கெனவே இருக்கும் கணக்குகளுக்கும் போட்டால், பல வருடம் பாஸ்வேர்ட் மாற்றாத ரூட் கணக்கு அந்தக் கணமே காலாவதி. காலாவதியான கணக்கின் கிரோன் (நேரம் வைத்துத் தானாக ஓடும்) வேலைகளைப் பாம் என்ற அங்கீகார அமைப்பு விடாது. லொக்கில் (பதிவேட்டில்) 'அங்கீகார டோக்கன் செல்லுபடியாகாது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சேஜ் கொமாண்டைச் சிறிய எல் ஒப்ஷனுடன் ஓட்டினால் தேதி தெரியும். பிளேபுக்கை ஓட்ட முதல் பாஸ்வேர்ட் உள்ள எல்லாக் கணக்குக்கும் இதைப் பாருங்கள். சேவைக் கணக்குகளுக்கு பாஸ்வேர்ட்டையே பூட்டி, கீயால் மட்டும் உள்ளே வர விடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு ஒஃபிஸ் சேர்வர் எழும்பேல்லை. இறுக்கினதாலயோ?

ஆம், பெரும்பாலும் கிரப் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) பாஸ்வேர்ட். பூட் அமைப்பை ஒருவர் மாற்றாமல் தடுக்க அது. ஆனால் உபுண்டு, டெபியனில் பாஸ்வேர்ட் வைத்தவுடன் சாதாரணமாக எழும்புவதற்கும் அது கேட்கப்படும். யூபிஎஸ் இறங்கி, கரண்ட் வந்து, சேர்வர் கறுப்புத் திரையில் பாஸ்வேர்ட்டுக்காகக் காத்திருக்கும். திங்கட்கிழமை காலை ஒருவர் வந்து விசைப்பலகை செருகும் வரை அப்படியே. கிரப்பின் 10 என்று தொடங்கும் லினக்ஸ் ஸ்கிரிப்டில், கிளாஸ் வரியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஒப்ஷனைச் சேர்த்து கிரப்பைப் புதுப்பித்தால், மெனுவைத் திருத்த மட்டும் பாஸ்வேர்ட் கேட்கும். ரெட்ஹட் குடும்பத்தில் அது ஏற்கெனவே அப்படித்தான் வரும். ஒஃபிஸில் வைத்திருக்கும் சேர்வரை இறுக்கினால், ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

சேர்வர் தானாவே ஷட்டவுன் ஆகுது. லொக்கில 'ஓடிட்' எண்டு ஏதோ கிடக்கு.

இது லெவல் 2 விதி. ஓடிட் லொக்கை அழிக்காமல் சேர்த்து வை, இடம் முடிந்தால் சேர்வரை நிறுத்து என்பதுதான் அதன் பொருள். வங்கிக்கு அது நியாயம், கடைக்கான இணையத்தளத்துக்கு மிகை. வேண்டுமென்றால் ஓடிட் லொக்குக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுத்து, லொக்கை வெளியே அனுப்பி, இடம் குறையும்போதே எச்சரிக்கை வரச் செய்யுங்கள்.

அல்மாலினக்ஸில் ஓடிட் சேவையை சிஸ்டம்சிடிஎல் மூலம் ரீஸ்டார்ட் செய்ய விடாது, பழைய 'சேர்விஸ்' கொமாண்டைப் பாவியுங்கள். விதிகளின் கடைசி வரி 'ஈ 2' என்றால் அவை ரீபூட் வரை பூட்டு. பிளேபுக் புதிய விதியை ஏற்ற முடியவில்லை என்று சொன்னால் அது பிழையல்ல.

தனிப் பார்ட்டிஷன் இல்லை எண்டு சிவப்பா நிக்குது. ஓடுற சேர்வர்ல பிரிக்க ஏலுமோ?

டெம்ப்பை சிஸ்டம்டியின் மவுண்ட் யூனிட்டால் நினைவகத்தில் வைக்கலாம், அது உடனே முடியும். மற்றவற்றை எந்த ரோலும் பிரித்துத் தராது. அடுத்த இமேஜைக் கட்டும்போது செய்யுங்கள், அதுவரை விதிவிலக்குப் பட்டியலில் திகதியுடன் வையுங்கள்.

எத்தனை வீதம் வந்தால் பாஸ்? நூறு எடுக்க வேணுமோ?

சிஐஎஸ்ஸில் பாஸ் மார்க் என்று ஒன்றில்லை. கிளையன்ட் ஒரு வீதம் கேட்டால் அது அவருடைய தீர்மானம். விளங்கிய ஓடிட்டர் புள்ளியை விட விதிவிலக்குப் பட்டியலையே பார்ப்பார். அதில் விதியின் இலக்கம், விடக் காரணம், பதிலாகச் செய்துள்ள பாதுகாப்பு, ஒப்புதல் தந்தவர், மறுபடி பார்க்கும் திகதி ஆகியவை இருக்க வேண்டும். டெய்லரிங்கில் அணைத்த விதி ரிப்போர்ட்டில் தெரியாமல் போவதால், இந்தப் பட்டியல் இல்லாத நூறு வீதத்தைச் சந்தேகத்துடன் பார்ப்பார்கள், அது நியாயமே.

சிஐஎஸ் பாஸ் எண்டால் பிசிஐ உம் பாஸ் தானே?

இல்லை. பிசிஐ டிஎஸ்எஸ், அதாவது கார்ட் கொடுப்பனவுகளுக்கான பாதுகாப்புத் தரம், ஒரு இறுக்கும் தரம் வேண்டும் என்று கேட்கும், அதற்குச் சிஐஎஸ் பொருந்தும். ஆனால் அதற்குச் சொந்த எண்களும் உண்டு. பிழையான முயற்சிக்குப் பிறகு சிஐஎஸ் கணக்கைப் பூட்டுவது 900 விநாடி. பிசிஐ 4.0.1 கேட்பது குறைந்தது 30 நிமிடம். ஆகவே 1800 வைக்க வேண்டும். பாஸ்வேர்ட் நீளத்தில் சிஐஎஸ்ஸின் 14 பிசிஐயின் 12 ஐத் தாண்டுகிறது, அங்கே பிரச்சினையில்லை. லொக்கை 12 மாதம் வைத்திருக்க வேண்டும், கடைசி 3 மாதம் உடனே பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இது சேர்வர் ஸ்கானில் வரவே வராது.

ஒருக்காச் செய்தால் காணும் தானே?

காணாது. கிழமைக்கு ஒருமுறை சிஸ்டம்டி டைமரால் ஸ்கானை ஓடவிட்டு, முடிவு ஃபைலை வேறொரு சேர்வருக்கு அனுப்புங்கள். ஓப்பன்ஸ்கேப் எல்லாம் சரியென்றால் 0, ஏதாவது விதி தவறினால் 2, ஸ்கானே ஓடாவிட்டால் 1 என்று திருப்பித் தரும். அன்சிபிளில் இருந்து ஓட்டினால் 2 ஐயும் தோல்வியாக எடுத்து அங்கேயே நின்றுவிடும். 1 வந்தால் மட்டும் தோல்வி என்று அந்தப் படியில் எழுதுங்கள். 2 வந்தால் போன கிழமை முடிவுடன் ஒப்பிட்டு, புதிதாகத் தவறிய விதியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். முழு ரிப்போர்ட்டையும் ஒவ்வொரு கிழமையும் அனுப்பினால் மூன்றாவது கிழமை ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

எங்களிட்ட இன்னும் சென்ட்ஓஎஸ் 7 ஓடுது. அதையும் இறுக்கி ரிப்போர்ட் எடுக்கலாமோ?

எடுக்கலாம், பிரயோசனம் குறைவு. 2024 ஜூன் 30 உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளத்தில் பச்சை ரிப்போர்ட் கிளையன்ட்டைத் திருப்திப்படுத்தாது. தற்காலிகமாக நிர்வகிக்க வேண்டியிருந்தால் அன்சிபிள்-கோர் 2.16 இல் நில்லுங்கள். 2.17 முதல் பைதன் 2.7, 3.6 உள்ள சேர்வர்களை அது ஏற்பதில்லை, அதனால் ரெட்ஹட் 8 குடும்பமும் அதன் இயல்புப் பைதனுடன் அடிபடும். அந்தச் சேர்வரை இறுக்கச் செலவிடும் நேரத்தை அதிலிருந்து தரவை அல்மாலினக்ஸ் 9 க்கு மாற்றச் செலவிடுங்கள். அதுவரை இணையத்திலிருந்து நேரடியாகத் தொட முடியாதபடி உள் வலையமைப்புக்குள் ஒதுக்கி வையுங்கள்.